ஐந்து பெட்டிகளும் மாடியில்தான் இருக்கும்

அன்புள்ள தினா,

நீ அனுப்பிய வண்டிக்காரருக்குக் காபி கொடுத்து, வெறும் வண்டியோடு திருப்பி அனுப்பிவிட்டேன். ஐந்து பெட்டிகளும் மாடியில்தான் இருக்கின்றன. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நீ கதைப் புத்தகத்தைக்கூடக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறவன். அம்மா முடிவில் இறங்கி வந்திருப்பாள் என்று நினைத்து அங்கே தாவுவாய். தாவிப் பார். அங்கேயும் பெட்டிகள் மாடியில்தான் இருக்கும்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் கம்பெனி உன்னைச் சென்னை யூனிட்டுக்கு அனுப்பிய இந்த இரண்டு மாதத்தில், நான் தேனீ என்று வாயெடுத்தாலே "அம்மா, மேனேஜர் வர்றாரு, அப்புறம் பேசறேன்" என்று ஆகிவிடுகிறது. கடிதத்துக்கு நடுவில் மேனேஜர் வர மாட்டார். நிதானமாக உட்கார்ந்து படி. நானும் நிதானமாகத்தான் எழுதுகிறேன். காலையில் திருப்பாவை முடித்து, கோலத்துக்குப் பூசணிப்பூ வைத்து, உன் அப்பாவுக்கு டிபன் கட்டிக் கொடுத்து டேனரிக்கு அனுப்பிவிட்டு, மாடியில் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே மணை போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வண்டிக்காரரிடம் நீ முழு விஷயத்தையும் சொல்லவில்லை போலிருக்கிறது. நேற்று வந்தார், பாவம். வாசலில் நின்று, "யக்கா, தினா சார் வீடு இதானே? அஞ்சு பொட்டி ஏத்தணும்னாரு. நாட்றம்பள்ளி மாந்தோப்புல எறக்கணுமாம்" என்றார்.

"இப்பவேவா?" என்றேன்.

"இப்பவே தாங்க்கா. மணி பதினொண்ணு ஆச்சே."

"பாதி ஜனம் வேலைக்குப் போயிருக்காங்களேப்பா. சாயங்காலம் திரும்பி வந்து வீட்டக் காணோம்னு சுத்துவாங்க. நீ பதில் சொல்லுவியா?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "பொட்டில யாருக்கா குடியிருக்காங்க?"

மாடிக்குக் கூட்டிப் போய் இரண்டாம் பெட்டியின் மூடியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினேன். மூன்று மூன்று படியாகத் தாவி இறங்கிவிட்டார். தெருவில் நின்றுகொண்டு, "உங்க புள்ள பொட்டின்னுதாங்க்கா சொன்னாரு! பூச்சின்னு சொல்லவே இல்ல! நான் ஏதோ டிரங்குப் பொட்டின்னு நெனச்சேன்" என்றார். காபியைக்கூட வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டுதான் குடித்தார்.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. பெட்டிகளை எடுத்துப் போக ஆள் அனுப்புகிறவன், பகலில் அனுப்புவதா? பொழுது சாய்ந்து, கடைசித் தேனீயும் உள்ளே வந்து, வாசலை அடைத்த பிறகுதான் பெட்டியைத் தொட வேண்டும். பதினோரு மணிக்குத் தூக்கினால் வேலைக்குப் போன அத்தனையும் அநாதை. ஒன்பது வருஷம் இந்த மாடியில் ஏறி இறங்கிய உனக்கு இது தெரியாதா? தெரியும். நான் கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்து ஆள் அனுப்பினாய். நேற்று நான் போகவில்லை. அதுதான் உன் கணக்கில் இடித்தது. முன்னாடி கேட்டிருந்தால் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன், அது வேறு. கேட்டிருக்க வேண்டும்.

நீ ஏன் இப்படிச் செய்தாய் என்று எனக்குத் தெரியும். நிச்சயதார்த்தத்தன்று குடியாத்தத்திலிருந்து வந்த பெண்ணின் தாய்மாமன், சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு நான் வைத்த தேன் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "ஆம்பூர்த் தண்ணி குடிச்ச தேனீ. அந்தத் தேன இன்னான்னு சாப்பிடறது?" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம். உன் அப்பா கண்ணைக் காட்டினார். ஆனால் என் வாய் இருக்கிறதே. "ஆம்பூர்த் தண்ணி குடிச்ச மாப்ள மட்டும் வேணுமா அண்ணா?" என்று கேட்டுவிட்டேன். பந்தியே சிரித்தது. அவரும்தான் சிரித்தார். நீ மட்டும் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாய். அன்றைக்குச் சாயங்காலமே, "போகிக்குள்ள அதையெல்லாம் கிளியர் பண்ணிடும்மா. கல்யாண வீடு. வர்றவங்க பயப்படறாங்க. சூப்பர்வைசர் வீட்ல பூச்சி வளக்கறாங்கன்னு பேசறாங்க" என்றாய்.

பேசட்டும். என் தேனீ எந்தத் தண்ணீர் குடிக்கிறது என்று எனக்குத் தெரியும். மாடியில் கூழாங்கல் போட்ட மண்தட்டில் தினமும் காலையில் நல்ல தண்ணீர் ஊற்றுகிறேன். கல் எதற்கு என்றால், உட்கார்ந்து குடிக்க. இல்லையென்றால் மூழ்கிவிடும். எந்தப் பூவிலிருந்து எடுக்கிறது என்றும் தெரியும். தையில் முருங்கை, பங்குனியில் புங்கை, சித்திரையில் வேம்பு, நடுவில் எப்போது கேட்டாலும் பாலாற்றில் தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் நிற்கிற சீமைக்கருவேலம். ஊரே திட்டுகிற மரம் அது. வெட்டணும் வெட்டணும் என்று மேடை போட்டுப் பேசுகிறார்கள். அதுவும் பூக்கிறது, தினா. அதிலும் தேன் இருக்கிறது. எடுக்கத் தெரிந்தவர்களுக்குக் கிடைக்கிறது. ஊர் மோசம், டேனரிக் கழிவில் தண்ணீர் மோசம், நாற்றம் என்று வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள். இந்த ஊரிலிருந்து இப்படி ஒரு தேன் வருகிறது என்று காட்ட எனக்கு இந்த ஐந்து பெட்டிகள் இருக்கின்றன. அதை எடுத்து நாட்றம்பள்ளி மாந்தோப்பில் வை என்கிறாய்.

தேனீக்கள் நம் வீட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். நீ ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய். ஆடி வெள்ளிக்கிழமை. கூழ் ஊற்றிவிட்டு மாடிக்கு வந்தால் தண்ணீர்த் தொட்டியின் மூடிக்குக் கீழே பலாப்பழம் மாதிரி ஒரு கொத்து தொங்குகிறது. உன் அப்பா பழைய துணியைச் சுற்றி, மண்ணெண்ணெய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நான் குறுக்கே நின்றேன். "வெள்ளிக்கிழமை வீடு தேடி வந்திருக்கு. கொளுத்துவீங்களா?" "அதுக்கு இன்னிக்கு வெள்ளிக்கெழமன்னு தெரியுமாடி?" என்றார். "அதுக்குத் தெரியாது. நமக்குத் தெரியுமில்ல" என்றேன். மறுவாரம் வேளாண்மை அலுவலகத்தில் ஒரு நாள் பயிற்சி என்று கேள்விப்பட்டுப் போனேன். ஒரு பெட்டி கொடுத்தார்கள், ஒரு தாள் கொடுத்தார்கள். எட்டாவதோடு நின்றவள் நான். மீதியை நூலகத்தில் படித்ததும் மணைப் பலகை போட்டு உட்கார்ந்து பார்த்ததும்தான். உனக்குத் தடுப்பூசி போட்ட தேதி, பல் முளைத்த தேதி எல்லாம் எழுதி வைத்திருந்த பச்சை அட்டை நோட்டில் பின்பக்கம் காலியாக இருந்தது. அதில் எழுத ஆரம்பித்தேன். எந்தப் பெட்டி, எந்தப் பூ, ராணி கண்ணில் பட்டதா, எத்தனை அடைச் சட்டத்தில் முட்டை, எந்தப் பெட்டிக்குக் கோபம். இன்றுவரை ஒரு வாரம் விட்டதில்லை.

அந்த நோட்டில் என் தப்புகளும் இருக்கின்றன. பெரிய தப்பு ஒன்று உன் பிளஸ் டூ பரீட்சை வருஷம். நீ தேறினால் என் கையால் எடுத்த தேனை விரிஞ்சிபுரம் வழித்துணைநாதருக்கு அபிஷேகத்துக்குக் கொடுப்பதாக வேண்டிக்கொண்டேன். நீ தேறினாய். வந்த முதல் திங்கட்கிழமையே கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். பெட்டியைத் திறந்தால் அடை முழுக்கத் தேன் மின்னுகிறது, ஆனால் அறைகளை இன்னும் மூடவில்லை. மூடினால் என்ன, மூடாவிட்டால் என்ன, தேன் தேன்தானே என்று சட்டத்தை எடுத்துத் தேன் எடுக்கிற டிரம்மில் வைத்துச் சுற்றிவிட்டேன். பாட்டில் நிறைய வந்தது. நாலு நாள் கழித்துக் கோயிலில் குருக்கள் மூடியைத் திருகியதும் டப் என்று ஒரு சத்தம். நுரை பொங்கி அவர் வேட்டியெல்லாம் வழிந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னம்மா இது, தேனா கள்ளா?" என்றார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சாமிக்குப் புளித்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் என்று அழுதுகொண்டே பஸ் ஏறினேன். நீ ஜன்னலோரம் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாய்.

அப்புறம்தான் தேன் என்றால் என்ன என்று ஒழுங்காகப் பார்த்தேன். பூவில் இருப்பது தேன் இல்லை, தினா. இனிப்புத் தண்ணீர். வெளியே போகிற தேனீக்கு வயிற்றில் தனியாக ஒரு பை, வீட்டுக்கென்று. வழிச்செலவுக்கு ஒரு துளியைத் தன் குடலுக்குள் விட்டுக்கொள்ளும், மீதியைத் தொடாது. வாசலில் இறங்கினால் உள்வேலை செய்கிற இளசு ஒன்று காத்திருக்கும். வாயோடு வாய் வாங்கிக்கொள்ளும். வாங்கியதை நாக்கு நுனியில் தொங்கவிடும், உள்ளே இழுக்கும், மறுபடி தொங்கவிடும், தன் வாய் நீரைக் கலக்கும், அடுத்ததிடம் கொடுக்கும். அப்புறம் அறைச் சுவரில் மெல்லிசாகப் பூசும். பூசிவிட்டு வரிசை கட்டி நின்று றெக்கையால் விசிறும். ராத்திரி பகல் கிடையாது. பெட்டியில் காதை வைத்தால் தூரத்தில் ரைஸ்மில் ஓடுகிற மாதிரிக் கேட்குமே, அந்தச் சத்தம். தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். இனி போக வேண்டியதில்லை என்று அவற்றுக்கு எப்படியோ தெரியும். அப்போதுதான் மெழுகால் மூடும். அந்த மூடிதான் முத்திரை. மூடியதை வருஷக்கணக்கில் வைத்திருந்தாலும் கெடாது. மூடாததில் தண்ணீர் நிற்கிறது, அதனால் பொங்குகிறது. இதை உன் அப்பாவிடம் சொன்னபோது, "இதுக்கா நூலகத்துக்குப் போன? என்னக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. டேனரிலயும் தண்ணி எறக்கறதுதான் வேலையே. தோல்ல தண்ணி நின்னா அழுவிடும்" என்றார். அன்றைக்குத்தான் அவர் வேலையும் என் வேலையும் ஒன்று என்று எனக்குப் பட்டது.

இந்த இடத்தில் 'அதுபோல மகனே, வாழ்க்கையிலும்' என்று நான் ஆரம்பிப்பேன் என்று பயப்படாதே. அதைக் கல்யாண மண்டபத்தில் மைக் பிடிக்கிறவர்கள் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது வேறு. மறுவருஷம் மூடிய தேனாக எடுத்துக்கொண்டு அதே குருக்களிடம் போய் நின்றேன். "திறந்து பாருங்க சாமி" என்றேன். பயந்து பயந்து தள்ளி நின்று திறந்தார். சத்தமில்லை. ஒரு தப்பு நடந்த இடத்துக்குத் திரும்பிப் போய் நிற்பதுதான் எனக்குத் தெரிந்த பிராயச்சித்தம். அந்த இடத்தையே ஊரை விட்டு அனுப்புவது இல்லை.

இப்போது மூன்றாம் பெட்டிக்கு வருகிறேன். நீயும் நானும் மூன்று வருஷமாகப் பேசாத விஷயம். நீ பெண் வீட்டைச் சொல்கிறாய், விருந்தாளியைச் சொல்கிறாய், தெருவைச் சொல்கிறாய். தெருவில் யாருக்கும் புகார் இல்லை. பக்கத்து வீட்டு பாயம்மா, "உங்க தேனீ வந்ததுலேர்ந்து எங்க முருங்க ஜாஸ்தி காய்க்குது" என்று கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து கொடுக்கிறார். உன் பிரச்சினை தெரு இல்லை. எனக்குத் தெரியும்.

அந்தப் பங்குனி மாதம் நீ ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. துண்டுத் தோலைக் கேட்டு வாங்கி, சாப்பாட்டு நேரத்தில் மிஷினில் உட்கார்ந்து, எனக்குக் கையுறை தைத்துக்கொண்டு வந்தாய். அளவுக்கு என் வளையல் ஒன்றை எனக்குத் தெரியாமல் எடுத்துப் போயிருக்கிறாய். காணோம் என்று வீடெல்லாம் தேடினேன். முழங்கை வரைக்கும் மெத்து மெத்தென்று, கறுப்பு நிறத்தில், கடையில்கூட அப்படிக் கிடைக்காது. நான் வெறும் கையால் பெட்டியைத் திறக்கிறவள். இருந்தாலும் போட்டுக்கொண்டு திறந்தேன். திறந்ததும் நாலைந்து வந்து கையுறையில் மோதின. இரண்டு கொட்டின. என் கையில் படவில்லை, கையுறைத் தோலில். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நல்லா இருக்குடா கண்ணு, இன்னொரு நாள் போட்டுக்கறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். "அதுங்களுக்கு இந்த நாத்தம் ஆகலடா" என்றேன். கழற்றிக் கைப்பிடிச் சுவரில் போட்டேன். உன் முகம் சுண்டிப் போனது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அப்போது நான் பார்க்கவில்லை, சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குடு, நான் போட்டுக்கறேன்" என்று அதே கையுறையை நீ மாட்டிக்கொண்டு மூன்றாம் பெட்டியின் மேலறையைத் தூக்கினாய். கொட்டிய இடத்தில் ஒரு வாசனை நிற்கும். அது மற்றவற்றுக்கு 'இங்கே வா, இங்கே கொட்டு' என்று சொல்லும் வாசனை. கழுவாத தோலில் அது போகாது. மிருகத்தின் வாடையும் கறுப்பு நிறமும் சேர்ந்தால் பெட்டிக்கு முன்னால் கரடி வந்து நிற்கிற மாதிரிதான் அவற்றுக்கு. இதெல்லாம் நான் அப்புறம் படித்தது. உலகத்தில் வேறு எந்த ஊர்ப் பிள்ளையாக இருந்தாலும் அம்மாவுக்குத் துணியில் கையுறை வாங்கிக் கொடுத்திருப்பான். நீ ஆம்பூர்ப் பிள்ளை. உனக்குத் தெரிந்த நல்ல பொருள் தோல்தான். அதைத் தைத்துக் கொண்டுவந்தாய்.

ஒரே நிமிஷம். கையுறைக்குள் புகுந்தன, முகத்துக்கு வந்தன. நீ பெட்டியை விட்டாய். அடை உடைந்து தரையெல்லாம் தேனும் புழுவும். நான் ஓடி வந்தேன். எங்கே ஓடினேன்? பெட்டிக்கு. மண்டி போட்டு, உடைந்த அடைகளுக்குள் ராணியைத் தேடினேன். நீ பின்னால் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, "அம்மா, நான் இங்க இருக்கேம்மா" என்றாய். நான் திரும்பாமல், "இரு, ராணியப் பாத்துட்டு வர்றேன்" என்றேன். உன் அப்பாதான் லுங்கியால் உன்னைப் போர்த்திக் கீழே கூட்டிப் போனார். நகத்தால் கொடுக்குகளைச் சுரண்டி எடுத்து, சுண்ணாம்பு தடவினார். நான் இறங்கி வந்தபோது உன் இடது கண் மூடிப்போயிருந்தது. வலது கண்ணால் என்னைப் பார்த்தாய். அதற்கப்புறம் நீ மாடிக்குத் துணி எடுக்கக்கூட வரவில்லை.

நேற்று வண்டி போன பிறகு பச்சை நோட்டை எடுத்து அந்த நாளின் பக்கத்தைப் பார்த்தேன். என் கையெழுத்துதான். 'வெயில் அதிகம். மூன்றாம் பெட்டி விழுந்தது. இரண்டு அடை முறிந்தது. ராணி உயிரோடு இருக்கிறது.' அவ்வளவுதான். உன் பெயர் இல்லை. உனக்குப் பல் முளைத்த தேதி எழுதிய அதே நோட்டில், திருப்பினால் முன்பக்கம் முழுக்க நீ, பின்பக்கம் அந்த நாளில் நீ இல்லை. நான் கணக்கு விட்டதே இல்லை என்று பெருமையடிக்கிறவள். விட்டிருக்கிறேன். அந்த வரிக்குக் கீழே இப்போது எழுதிவிட்டேன்: 'தினாவுக்கு ஒன்பது கொட்டு. இடது கண் மூடிப்போனது. கூப்பிட்டான். நான் போகவில்லை.'

இப்படி எழுதிவிட்டதால் பெட்டிகளை அனுப்பிவிடுவேன் என்று நினைக்காதே. தப்பு செய்தது நான். பெட்டி செய்யவில்லை. தண்டனை என்றால் எனக்குக் கொடு. பேசாமல் இருக்க வேண்டும் என்றால் இரு. கேட்க வேண்டும் என்றால் நேராக வந்து, 'அன்னிக்கு ஏம்மா திரும்பல?' என்று கேள். பதில் என்னிடம் இல்லை, ஆனால் உட்கார்ந்து கேட்டுக்கொள்வேன். பூச்சியின் மேல் பழியைப் போட்டு மாந்தோப்புக்கு அனுப்பினால் நம் இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது போய்விடுமா? அது வண்டியில் ஏறாது.

உன் அப்பா நேற்றுச் சாயங்காலம் உன் கட்சி பேசிப் பார்த்தார். "உன் ராணிகூடப் புது ராணி வந்தா பொட்டிய வுட்டுட்டுப் போய்டுதுன்னு நீதானே சொன்ன? மருமக வர்றா. நீ மட்டும் புடிவாதம் புடிக்கிறியே" என்றார். உண்மைதான். புது ராணி தன் அறையிலிருந்து வெளியே வருவதற்கு முன்னாலேயே தாய் ராணி கிளம்பிவிடும். கட்டிய வீடு, சேர்த்த தேன், வளர்த்த குஞ்சு எல்லாவற்றையும் மகளுக்கு விட்டுவிட்டுப் போகும். ஆனால் அவர் பாதியைத்தான் சொல்கிறார். "அது தனியாவா போகுது? பாதி ஜனத்தக் கூட்டிக்கிட்டுப் போகுது. நான் கெளம்பினா இந்த வீட்ல யார் யார் என் பின்னால வருவாங்கன்னு எண்ணிக்கோங்க" என்றேன். ஒரு விரலை மடக்கினார். "நான் வந்துடுவேன். சோறு வேணுமே" என்றார்.

ஒரு விஷயம் உனக்குத் தெரியாது. என் மருமகளாக வரப்போகிற ரேவதி இன்று காலையில் எனக்குப் போன் செய்தாள். வண்டி திரும்பிப் போன கதை நீ சொல்லி அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்து நானும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"அத்த, பயமில்லன்னு பொய் சொல்ல மாட்டேன். பயமாத்தான் இருக்கு" என்றாள்.

"பயந்தா நல்லதுதாம்மா. பயப்படறவங்க பெட்டிய இடிக்க மாட்டாங்க."

"அது இல்லத்த நான் கேக்க வந்தது. மாடில கொடி எங்க இருக்கு?"

"எந்தக் கொடி?"

"துணி காயப்போடற கொடி. அவரு சொன்னாரு, பொட்டிங்க எல்லாம் கொடிக்குக் கீழதான் வரிசையா இருக்குதுன்னு. அப்ப நான் துணி எங்க காயப்போடறது?"

தினா, பன்னிரண்டு வருஷமாக நான் தேனீக்கு நடுவில் புகுந்து துணி காயப்போடுகிறேன். இன்னொருத்தி வந்து காயப்போடுவாள் என்று நான் யோசித்ததே இல்லை. நீ எடுத்துவிடு என்றாய், தாய்மாமன் தேன் வேண்டாம் என்றார். இந்தப் பெண் ஒருத்திதான் இந்த மாடியில் தனக்கு எவ்வளவு இடம் என்று கேட்டாள். சரியான கேள்வி. எங்கள் பக்கத்தில், குடியாத்தத்து நெசவுக்காரப் பெண்ணிடம் நூல் அளவு தப்பாது என்பார்கள். "பெட்டிங்களத் தொட்டிக்குப் பின்னால வெச்சா உனக்குச் சரியாம்மா?" என்றேன். "அங்க வெச்சா எனக்குப் போதும்த்த" என்றாள்.

தொட்டிக்குப் பின்னால் என்றால் இப்போதிருக்கும் இடத்திலிருந்து பதினெட்டு அடி. இன்றைக்கே தூக்கி அங்கே வைத்துவிட முடியாது. வெளியே போன தேனீ வீட்டைத் தேடி வராது, இடத்தைத் தேடி வரும். பதினெட்டு அடி தள்ளி வைத்தால் அத்தனையும் பழைய இடத்துக்கே வந்து, வெறும் காற்றில் வாசலைத் தேடிச் சுற்றிக்கொண்டே செத்துப்போகும். ஒன்று, ஊர் விட்டு ஊர் கொண்டுபோக வேண்டும். நீ செய்யப் பார்த்தது அது. இல்லையென்றால் ஒரு நாளைக்கு ஓர் அடி. நடுவில் வேறு வழி கிடையாது. ஓர் அடி என்றால் கொஞ்சம் தடுமாறி, கண்டுபிடித்துவிடும். மறுநாள் அதுவே பழகிவிடும்.

முதல் அடியை உன் அப்பா வேலைக்குப் போகிற அவசரத்திலேயே இன்று நகர்த்தினோம். மழைக்கோட்டைப் போட்டுத் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு பக்கம் அவர் பிடித்தார், ஒரு பக்கம் நான். மார்கழியில் நல்ல காரியம் ஆரம்பிக்கக் கூடாதே என்றார். இது நல்ல காரியம் இல்லை, நியாயம், அதற்கு மாதம் பார்க்க வேண்டாம் என்றேன். நோட்டில் எழுதிவிட்டேன்: ஐந்து பெட்டிகளும் ஓர் அடி. இப்போது இதை எழுதும்போதுகூட நாலைந்து, பழைய இடத்தில் வந்து நின்று, ஓர் அடி தள்ளி வாசலைக் கண்டு நுழைகின்றன.

ஆகவே நான் இடம் கொடுக்கிறேன், தினா. உனக்கு இல்லை, அவளுக்கு. அவள் கேட்டாள். நீ கேட்காமல் வண்டி அனுப்பினாய். பெட்டிகள் மாடியை விட்டு இறங்காது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினெட்டாவது அடி போகிக்கு முதல் நாள் வருகிறது. அன்றைக்குத்தான் நீ லீவில் வருகிறாய். அப்பாவுக்கு இடுப்பு வலி, பதினேழு நாளைக்குமேல் குனிய மாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டார். கடைசி அடிக்கு இன்னொரு பக்கம் பிடிக்க எனக்கு ஆள் வேண்டும். மூன்றாம் பெட்டியைக் கடைசியாக வைத்திருப்பேன். நீ ஒரு பக்கம், நான் எதிர்ப்பக்கம். இந்த முறை நான் பெட்டியைப் பார்க்க மாட்டேன். உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்காக நீ கீழே போட்டுவிடாதே.

வெயில் ஏறுவதற்குள் வந்துவிடு. பெல்ட்டையும் ஷூவையும் கீழேயே கழற்றி வைத்துவிட்டு மாடிக்கு ஏறு. கையுறை வேண்டாம்.

உன் அம்மா